பதினாலு எப்படிப் பன்னிரண்டு ஆனது

திருத்தும் முகாமுக்கு முதல் தடவை போகும் இளைய ஆசிரியர்கள் என்னிடம் வந்து, "டீச்சர், ஏதாவது சொல்லுங்க" என்று நிற்பார்கள். அங்கே கொடுக்கும் டீயைக் குடிக்காதீர்கள், வயிறு கெட்டுவிடும் என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மற்றபடி விடைக்குறிப்பை எப்படிப் படிப்பது, மார்க்கை எந்த ஓரத்தில் போடுவது, கூட்டலை யார் சரிபார்ப்பது என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதற்கு நான் எதற்கு? சொல்லிக்கொடுக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஒரே தப்பு, அதே எண்களோடு, தாளுக்குத் தாள் வரிசையாக வந்து நிற்கும்போது கையில் இருக்கும் சிவப்புப் பேனாவை என்ன செய்வது என்பது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் சின்னமனூரில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து எட்டாம் வகுப்புக்குப் பொதுவாக ஒரே வினாத்தாள் போட்டு, தாள்களைத் தேனியில் ஓரிடத்தில் வைத்துத் திருத்துவோம். கோடை விடுமுறையில் ஓட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து திருத்துவது என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வியர்வை விழுந்து மை கரையும் என்று துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருடம் கணக்குத் தாளில் எட்டு மார்க்குக்கு ஒரு கேள்வி. தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் காலையில் 14 கிலோவும் மாலையில் 10 கிலோவும் கொழுந்து பறிக்கிறாள். நான்கு கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். இதே அளவு பறிக்கும் 30 பெண்களின் ஒருநாள் கொழுந்திலிருந்து எவ்வளவு தேயிலை கிடைக்கும்? பதினாலும் பத்தும் இருபத்துநாலு. அதை முப்பதால் பெருக்கி நாலால் வகுத்தால் நூற்றெண்பது கிலோ. மூன்றே வரி. பிள்ளைகளுக்கு லட்டு மாதிரியான கேள்வி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

என் மேஜையில் எனக்கு எதிரே வேலுச்சாமி சார். கண்டமனூர்ப் பக்கத்துக்காரர். காப்பி அடிப்பதைக் கண்டுபிடிப்பதில் மனிதர் கழுகு. முந்தின வருடம் ஒரு பெரிய இடத்துப் பையனைப் பிடித்து, யார் யாரோ வீட்டுக்கு வந்து பேசியும் மசியாதவர். அவர் திடீரென்று பேனாவை வைத்துவிட்டு ஒரு விடைத்தாள் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"இந்தக் கொள்ளையைப் பாருங்க டீச்சர்."

மேகமலையில் ஒரு தோட்டத்துப் பள்ளியின் கட்டு அது. பன்னிரண்டு தாள். அதில் பதினோரு தாளில் அந்தக் கேள்விக்கு முதல் வரி இப்படி இருந்தது: 12 + 8 = 20. பதினாலு எங்கே போயிற்று, பத்து எங்கே போயிற்று என்று ஒரு தடமும் இல்லை. அதற்குப் பிறகு இருபதை முப்பதால் பெருக்கி, நாலால் வகுத்து, விடை நூற்றைம்பது கிலோ. பதினோரு பேரும் நூற்றைம்பது. ஒரே ஒரு பையன் மட்டும் நூற்றெண்பது என்று சரியாக எழுதியிருந்தான்.

"மலையிலேயே பரீட்சை. வாத்தியாரும் தோட்டத்துக் கம்பவுண்டரும்தான் காவல்" என்றார் வேலுச்சாமி. "வாத்தியார் போர்டுல எழுதிப் போட்டிருக்காரு. அவசரத்துல எண்ணைத் தப்பா எழுதிட்டாரு. அம்புட்டுப் பேரும் அப்படியே இறக்கிட்டாக. தெரிஞ்ச பய ஒருத்தன் மட்டும் போர்டைப் பாக்காம சொந்தமாப் போட்டிருக்கான்."

கேட்டால் மறுத்துப் பேச இடமே இல்லை. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. மற்ற கேள்விகளைப் புரட்டிப் பார்த்தேன். அங்கேயெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி தப்பு. ஒருத்தி பின்னத்தில் சறுக்கியிருந்தாள், ஒருத்தன் வட்டத்தின் பரப்பில் கோட்டை விட்டிருந்தான். போர்டில் எழுதிப் போடும் வாத்தியார் இந்த ஒரு கணக்கை மட்டும் எழுதிப் போட்டு, அதையும் தப்பாகப் போட்டுவிட்டு, மற்றவற்றுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாரா?

இதை முகாம் தலைவரிடம் கொண்டுபோனோம். போடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பேரைச் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தவரை மேடையில் தன் பேரைச் சொன்னாலே முகம் சுளித்தவர். பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"காப்பின்னு எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார்.

தெரியும். அந்தப் பள்ளியின் ரிசல்ட் முழுவதும் ரத்து. அந்த வாத்தியாருக்கு வேலை போகும். பிள்ளைகளுக்கு அதைவிட மோசம். அந்தத் தோட்டத்தில் எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும். தேறினால் சின்னமனூருக்கு வந்து விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கலாம். தேறாவிட்டால் அந்த மாதமே தோட்டத்தில் பேர் பதிந்து கூடையை முதுகில் ஏற்றிவிடுவார்கள். மறு பரீட்சை எழுத யாரும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

"திங்கக்கிழமை ரிசல்ட் போகணும்" என்றார் பெரிய சார். "நாளைக்குச் சனிக்கிழமை. டீச்சர், நீங்க மேல போயி விசாரிச்சிட்டு வாங்க."

"நான் எதுக்கு சார்? வேலுச்சாமி சார்தான கண்டுபிடிச்சாரு."

"அவரு முடிவு பண்ணிட்டாரு. நீங்க இன்னும் பண்ணல. அதான்."

அந்த மலை ரோட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். தோட்டத்து ஜீப்பில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். அப்படியும் இரண்டு இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தேன். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் கொஞ்சந்தான் டீச்சர்" என்றார். அவர் சொன்ன கொஞ்சம் முடியவே இல்லை. வழி நெடுக எனக்கு ஒரே யோசனை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "காப்பி அடிச்சீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அடித்திருந்தாலும் இல்லை, அடிக்காவிட்டாலும் இல்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, போட வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. வாத்தியார் தங்கராசு, உத்தமபாளையத்து இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிப்போனது.

"நான் போர்டைத் தொடவே இல்ல டீச்சர். சாமி சத்தியமா" என்றார்.

"சத்தியமெல்லாம் வேண்டாம் தம்பி. பிள்ளைகளைக் கூப்பிடுங்க. ஒவ்வொருத்தராத்தான் உள்ள வரணும். முடிச்சவுக வெளிய நிக்கிறவுககிட்டப் போகக் கூடாது, அந்தப் பக்கமா வீட்டுக்குப் போயிரணும்."

ஆளுக்கு இரண்டு கணக்கு கொடுத்தேன். முதல் கணக்கில் ஒருவர் காலையில் 16 கிலோ, மாலையில் 11 கிலோ தக்காளி பறிக்கிறார், மொத்தம் எவ்வளவு? இரண்டாவது கணக்கும் அதேதான், அதே எண்கள்தான். தக்காளிக்குப் பதில் கொழுந்து என்று மட்டும் மாற்றியிருந்தேன். எடுப்பு எண்ணை, அதாவது கேள்வியிலிருந்து எடுக்கும் எண்ணை, தப்பாகப் பார்த்து எழுதும் பிள்ளை என்றால் இரண்டிலும் தப்பு வரும். போர்டைப் பார்த்து எழுதின பிள்ளை என்றால் இன்றைக்குப் போர்டு இல்லை, வெறும் கூட்டல்தான், இரண்டும் சரியாக வரும். கொழுந்தில் மட்டும் தப்பு வந்தால் காரணம் வேறு.

முதலில் வந்தவள் ராசம்மாள். ஒல்லியான பிள்ளை, ஆனால் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எழுதி நீட்டினாள். தக்காளி இருபத்தேழு கிலோ. கொழுந்து இருபத்துமூன்று கிலோ. கொழுந்துக்கு எழுதியிருந்த வரி: 14 + 9 = 23.

போர்டும் இல்லை, பக்கத்தில் பிள்ளையும் இல்லை. தன்னந்தனியாக உட்கார்ந்து, அதே தப்பை, புது எண்களில் செய்திருந்தாள்.

"கேள்வியைப் படி" என்றேன். பதினாறு என்றும் பதினொன்று என்றும் திருத்தமாகப் படித்தாள்.

"பதினாறுன்னு படிக்கிற. பதினாலுன்னு எழுதியிருக்கியே?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ரெண்டு போயிரும்ல டீச்சர்."

"எங்க போகும்?"

"எடையில. ஒவ்வொரு எடைக்கும் ரெண்டு ரெண்டு கழிப்பாக. கூடைக்கும் ஈரத்துக்கும்."

"கூடையே ரெண்டு கிலோவா இருக்கு?"

"இல்ல டீச்சர், கூடை லேசுதான். வெயில் அடிச்சாலும் ரெண்டு போயிரும்."

"சரிம்மா. ஆனா இந்தக் கேள்வியில கழிக்கச் சொல்லலையே?"

"அங்கனயும் சொல்ல மாட்டாக டீச்சர்" என்றாள் ராசம்மாள். "அதுவாக் கழிஞ்சிரும்."

அவளை அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். பதினோரு பேரும் அப்படியே. தக்காளிக்கு இருபத்தேழு, கொழுந்துக்கு இருபத்துமூன்று. கழித்தலை ஒருவர்கூட எழுதிக் காட்டவில்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா காலையில் பதினாலு கிலோ பறித்தாள் என்றால் சாயங்காலம் வீட்டில் பேசுவது பன்னிரண்டைப் பற்றித்தான்.

கடைசியாக வந்தவன் சரியாக எழுதின அந்த ஒருவன். தக்காளி இருபத்தேழு, கொழுந்தும் இருபத்தேழு.

"நீ எதுவும் கழிக்கலையாப்பா?" என்றேன்.

"எதை டீச்சர் கழிக்கணும்?" என்று கேட்டான்.

அவன் போனபிறகு அவன் யார் மகன் என்று தங்கராசுவிடம் கேட்டேன். கணக்கப்பிள்ளை மகன் என்றார். கொழுந்தை எடைபோட்டுப் பதிகிறவர்தான் கணக்கப்பிள்ளை. அவர் வீட்டில் யாரும் கூடை சுமக்கவில்லை. வேலுச்சாமி சார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பையன் சொந்தமாகத்தான் போட்டிருந்தான். மற்றவர்களும் சொந்தமாகத்தான் போட்டிருந்தார்கள்.

தங்கராசு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருசமா இங்கனதான் இருக்கேன் டீச்சர். புத்தகத்துல இருக்கிற மாங்கா கணக்கு, துணிக் கணக்குதான் போடச் சொல்லுவேன். இது எனக்குத் தெரியவே தெரியாது."

பிள்ளைகள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேலுச்சாமி சார் கேட்பார், நீங்கள் பார்த்தீர்களா என்று. காலையில் பறித்ததை மதியம் எடைபோடும் நேரமாகியிருந்தது. போய் நின்றேன். மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி அதில் முள் தராசு தொங்கியது. பெண்கள் வரிசையாகக் கூடையை மாட்டினார்கள். ராசம்மாளின் அம்மா மாட்டும்போது முள் பதினேழில் நின்றது. நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். "பதினஞ்சு" என்று கத்திவிட்டுக் கணக்கப்பிள்ளை பதிந்துகொண்டார். அந்த அம்மா கூடையை இறக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் பேசவில்லை.

"என்ன டீச்சர் பாக்குறீக?" என்றார் கணக்கப்பிள்ளை.

"கணக்குப் பாக்குறேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டார். அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நான் வந்த வேலை வேறு. தோட்டத்தை நடத்தும் துரையோடு சண்டைபிடித்துவிட்டு இறங்கினால் என் விசாரணைக்கு அடுத்த நாள் மரியாதை இருக்காது.

ஜீப் பக்கம் வந்தபோது ராசம்மாளின் அம்மா ஓடிவந்தாள். "எம் பிள்ள ஏதும் தப்புப் பண்ணிருச்சா டீச்சர்?"

"இல்ல. ஒரு தப்பும் பண்ணல."

"பாஸாகலேன்னா இந்த மாசமே பேரு பதிஞ்சிருவாக. எனக்கும் ஒரு கை கூடக் கிடைக்கும், இல்லேங்கல. ஆனா அது படிக்கணும்குது."

ராசம்மாளின் கணக்கு மார்க் எனக்குத் தெரியும். முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். அந்த எட்டு மார்க் கேள்விக்கு சைபர் போட்டிருந்தது. அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ரிசல்ட் போகுமுன் சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய சார் முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். வேலுச்சாமி சாரும் இருந்தார். பிள்ளைகள் எழுதின தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காப்பி இல்ல" என்றார். இரண்டே வார்த்தை. தன் பேச்சைத் திரும்ப வாங்க அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை.

"அந்த விஷயம் முடிஞ்சது" என்றார் பெரிய சார். "வாத்தியார் மேல எழுத ஒண்ணுமில்ல."

"மார்க்கு சார்?"

"மார்க்குக்கு என்ன? விடை தப்புதான?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதுதான் சரியான விடை, பதினாலு கிலோ பறித்தால் பன்னிரண்டுதான் கணக்கு, அந்தப் பள்ளியில் இந்தக் கேள்வி சுலபமாக இருந்தது கணக்கப்பிள்ளை மகன் ஒருத்தனுக்குத்தான், முழு மார்க் போடுங்கள் என்று சத்தமாகவே பேசினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"டீச்சர், நீங்க அந்தப் பிள்ளைகளைப் பாத்துட்டு வந்திருக்கீக. அதுகளுக்காகப் பேசுறீக. நல்லது. நீங்க பாக்காத பிள்ளைகளுக்கு யாரு பேசுறது?"

"யாருக்கு?"

"ஆண்டிபட்டியில ஒரு பய பதினாலைப் பதினஞ்சுன்னு பாத்து எழுதியிருப்பான். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியா இருக்கும். முதல் வரி தப்புன்னா முழுக்கத் தப்புன்னு நாமதான் முடிவு பண்ணினோம். அவனுக்குச் சைபர் போட்டோம். அவன் வீட்டுக்கு யாரும் ஜீப்புல போகல. அவன் ஏன் அப்படி எழுதினான்னு யாரும் கேக்கல. அவனுக்கு இல்லாதது இவுகளுக்கு எப்படிக் கிடைக்கும்?"

மேஜையில் பரப்பியிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். ஆனால் ராசம்மாளின் அம்மா முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

"அப்ப அவனுக்கும் போடுங்க சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் வரிக்கு ரெண்டு மார்க் போகட்டும். பெருக்கலும் வகுத்தலும் சரின்னா மிச்சம் ஆறைக் கொடுங்க. மலையில இருந்தாலும் சரி, ஆண்டிபட்டியில இருந்தாலும் சரி. எடுத்த எண் ஏன் தப்பாச்சுன்னு நாம கேக்கவே வேணாம். அதுக்கப்புறம் என்ன செஞ்சாகன்னு மட்டும் பாப்போம்."

"அப்படின்னா முடிச்ச கட்டையெல்லாம் திரும்பப் பிரிக்கணும். இன்னைக்கே."

"பிரிப்போம்."

அறையில் எழுந்த முணுமுணுப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை. ஒருவருக்குக் கம்பத்தில் கல்யாணம். ஒருவர் பெட்டியைக் கட்டி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். ஏதோ ஒரு மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக வட்டாரத்துத் தாள் முழுவதையும் மறுபடி பார்ப்பதா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அப்போது வேலுச்சாமி சார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டு, கயிற்றை அவிழ்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டபிறகு மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க முடியுமா? கல்யாணத்துக்குப் போக வேண்டியவரும் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

பெரிய சார் சொன்ன ஆண்டிபட்டிப் பயல்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். பத்தை நூறு என்று எடுத்தவன், முப்பதை மூன்று என்று எடுத்தவள், எல்லோரும் வந்தார்கள். ஆறு ஆறு மார்க்காக ஏறிக்கொண்டே போனது. சாப்பாட்டுக்குப் பிறகு வேலுச்சாமி சார் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அடிவாரத்தில் ஒரு ஊர்ப் பள்ளித் தாள். அந்தக் கட்டில் எல்லோரும் பதினாலு, பத்து என்று எழுதியிருக்க, ஒரே ஒரு பிள்ளை மட்டும் 12 + 8 = 20 என்று எழுதியிருந்தது.

"இது யாரு பெத்த பிள்ளையோ" என்றார். "மலையில இருந்து இறங்கி வந்திருக்கும்."

நான் கேட்டபடி அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு மட்டும் மார்க் போட்டிருந்தால் இந்தப் பிள்ளை சைபரோடு போயிருக்கும். நான் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன். பெரிய சார் சொன்னது எனக்குத் தலையில் ஏறியது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான்.

உங்களுக்கு நான் சொல்வதும் இதுதான். ஒரு பிள்ளைக்காக மனம் இரங்கினால் இரங்குங்கள், தப்பில்லை, இரங்காதவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆனால் இரக்கத்தை அந்த ஒரு தாளிலேயே முடித்துவிடாதீர்கள். அதை ஒரு விதியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் எல்லாக் கட்டையும் பிரியுங்கள், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். மாற்ற முடியாவிட்டால் பேனாவை மூடி வையுங்கள். முழு மார்க் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் ஒரு ஆதங்கம் உண்டு. அந்த இரண்டு மார்க்கை நினைத்தால் இப்போதும் முணுமுணுப்பேன். பெரிய சார் இருந்தால் அதற்கும் ஒரு கேள்வி கேட்பார்.

திங்கட்கிழமை ரிசல்ட் போயிற்று. அந்தத் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு பேருக்கு அப்போதும் பற்றவில்லை. ராசம்மாள் முப்பத்தேழு.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் ஒன்பதாம் வகுப்பில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், ஆனால் டீச்சர் அதையெல்லாம் காட்டிக்கொள்ளலாமா? முதல் வாரத்திலேயே எடுப்பு எண்கள் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அவளை மனதில் வைத்துத்தான் நடத்தினேன். அந்தக் கொழுந்துக் கணக்கையே போர்டில் எழுதி, நிதானமாக விளக்கினேன்.

"கணக்குல என்ன கொடுத்திருக்கோ அதை மட்டும்தான் எடுக்கணும். பதினாலுன்னா பதினாலுதான். கழிக்கச் சொல்லாததை நாமளா கழிக்கக் கூடாது. கழிச்சா அந்தக் கணக்குத் தப்பு. புரிஞ்சதா?"

எல்லோரும் புரிந்தது என்றார்கள். ராசம்மாள் மட்டும் எழுந்து நின்றாள்.

"என்னம்மா, புரியலையா?"

"புரிஞ்சது டீச்சர். இதை எங்க கணக்கப்பிள்ளைக்கும் சொல்லிக் குடுப்பீகளா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.